அச்சு வராத இ-வே பில்

வணிகர் பெருமக்கள் நம்மிடம் அடிக்கடி சொல்லும் குறை இது: லோடு ஏற்றி லாரி நிற்கிறது, இ-வே பில்லும் போட்டாயிற்று, பிரிண்ட் கொடுத்தால் ஒன்றும் வரவில்லை. அரசுத் தளத்தைத் திட்டுமுன் கடைக் கம்ப்யூட்டரைச் சற்றுப் பார்க்க வேண்டுகிறோம்.

அச்சுப்படிவம் தனி விண்டோவாகத் திறக்கும். தொல்லை தரும் விளம்பரங்களும் அப்படித்தான் திறக்கும் என்பதால் பிரவுசர் இரண்டையும் சேர்த்தே தடுத்துவிடும். குரோமில் முகவரிப் பட்டையின் வலது ஓரம் ஒரு சிறு குறி தோன்றும். அதை அழுத்தி, அந்தத் தளத்துக்கு மட்டும் பாப்-அப் அனுமதி கொடுக்கவும்.

அதற்கும் மசியவில்லையா? பிள்ளைகள் போட்டுத் தந்த விளம்பரத் தடுப்பான் மீது சந்தேகப்படலாம். இன்காக்னிட்டோ விண்டோவில் தளத்தைத் திறந்து பாருங்கள். நாம் தனியே அனுமதித்தாலன்றி எக்ஸ்டென்ஷன்கள் அங்கே ஓடா. அங்கு வேலை நடந்தால், எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக நிறுத்தி ஆளைப் பிடித்துவிடலாம். பிடித்தபின் அடியோடு நீக்கிவிடாதீர்கள். அந்த ஒரு தளத்துக்கு மட்டும் நிறுத்தினால் போதும். வங்கியின் பெயரில் வரும் போலி விளம்பரங்களைத் தடுப்பதும் அதுதானே! (குரோம் பழைய முறை எக்ஸ்டென்ஷன்களை 2025-ல் கைவிட்டதால் யூபிளாக் ஆரிஜின் அதில் ஓடாது, அதன் லைட் வகை ஓடும்.)

இதற்காக லாரியைக் காக்க வைக்க வேண்டியதில்லை. பில் எண் விழுந்துவிட்டால் பில் உண்டாகிவிட்டது என்றே பொருள். ஜி.எஸ்.டி. விதி 138-ஏ படி அந்த எண்ணை ஓட்டுநரின் போனுக்கு அனுப்பினாலே செல்லும். வாகன எண் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, இன்வாய்ஸைக் கையில் கொடுத்தனுப்பவும்.