அதே கதை, வேறு நாயகன்

பழைய அறிவியல் புனைகதைத் தொடரின் ஓர் அத்தியாயத்தை எடுத்து, அதன் மையத்தில் வேறொருவரை நிறுத்திப் பார்ப்பது தொலைக்காட்சி எழுத்தாளர்கள் கையாளும் ஒரு நுட்பமான உத்தி. இதற்கு அமெரிக்காவின் 'ஸ்டார் ட்ரெக்' சிறந்த சான்று.

1966-இல் வந்த 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' அத்தியாயத்தில், எல்லை தாண்டித் தாக்கிய எதிரிகளான ராமுலன்களின் கப்பலை, தொடரின் நாயகன் கேப்டன் கிர்க் துரத்திச் சென்று வீழ்த்துகிறார். போர் தவிர்க்கப்படுகிறது. 2022-இல் அதே வரிசையின் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' தொடர், அதே சூழலில் கிர்க்குக்குப் பதிலாகத் தன் நாயகன் கேப்டன் பைக்கை அமர்த்தியது. தொடக்கத்தில் வரும் திருமணக் காட்சிகூட மாறவில்லை. ஆனால் பைக் பொறுமைசாலி. தாக்காமல் தற்காலிகப் போர்நிறுத்தம் கேட்கிறார். அந்த நல்லெண்ணமே பெரும் போருக்கு வழிவிடுகிறது. கப்பல் அதிகாரி ஸ்பாக் படுகாயம் அடைகிறார். நல்ல குணம் எல்லா வேளையிலும் நல்ல முடிவைத் தராது என்ற கசப்பை, ஆளை மாற்றியதாலேயே இக்கதை இவ்வளவு கூர்மையாகக் காட்ட முடிந்தது.

அதே வரிசையின் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடர் 1996-இல் கையாண்ட முறை வேறு. பழைய தொடரின் 1967-ஆம் ஆண்டு அத்தியாயம் ஒன்றின் படச்சுருளுக்குள்ளேயே தன் நடிகர்களைக் கணினி உதவியால் இணைத்தது. மூலக்கதையில் தானியக் கிடங்கு திறந்ததும் டிரிபிள் என்னும் பஞ்சு உருண்டை போன்ற உயிரினங்கள் கிர்க்கின் மீது கொட்டுகின்றன. அதன் பிறகும் ஒவ்வொன்றாக அவர் தலையில் விழுகின்றன. புதிய அத்தியாயத்தில் அதற்குக் காரணம் கிடைக்கிறது: மேலே கிடங்கினுள் மறைந்திருக்கும் ஒரு வெடிகுண்டைத் தேடும் புதிய தொடரின் பாத்திரங்களான சிஸ்கோவும் டாக்ஸும் அவற்றைக் கீழே எறிந்துகொண்டிருக்கிறார்கள்.