விதை காத்திராது

"ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை" என்பது நம் முன்னோர் விட்டுச் சென்ற பழமொழி. இன்றும் நம் பிள்ளைகள் இதனைப் பள்ளித் தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுகிறார்கள். ஆனால் "இலுப்பை மரம் எது? காட்டு" என்று கேட்டால் விழிக்கிறார்கள். பழமொழி பிழைத்துக்கொண்டது, மரம் மறைந்துகொண்டிருக்கிறது.

இதற்காகப் பிள்ளைகளைக் குறைகூற எனக்கு உரிமை இல்லை. இலுப்பையை வெட்டி வீழ்த்தியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பாவ அறிக்கையோடு இக்கட்டுரையைத் தொடங்குவதே முறை.

வெட்டியவனின் வாக்குமூலம்

2012-ஆம் ஆண்டில் புதுக்கோட்டைப் பக்கத்துப் பங்கு ஒன்றில் பணியாற்றி வந்தேன். கோயிலுக்குப் பின்புறம் மூன்று இலுப்பை மரங்கள் இருந்தன. திருவிழா நாள்களில் மக்கள் அமர்வதற்கு ஒரு மண்டபம் வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. பங்குப் பேரவையின் ஒரே கூட்டத்தில் மரங்களின் கதை முடிந்தது. கோடரி விழுந்த அன்று காலை ஒரு மூதாட்டி வந்து நின்றார். "சாமி, கரண்டு வர்றதுக்கு முந்தி நம்ம கோயில் விளக்கு எரிஞ்சது இந்த மரத்து எண்ணெயிலதான்" என்றார். "மண்டபம் முடிந்ததும் வேறு மரம் வைத்துவிடலாம், பாட்டி" என்று நான் மறுமொழி கூறினேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

சொன்னபடி மரமும் வைத்தேன். விரைவில் வளரும், கண்ணுக்கு அழகாகப் பூக்கும் என்று மயிற்கொன்றைகளை நட்டேன். மடகாஸ்கர் தீவிலிருந்து நம் நாட்டுக்கு வந்த மரம் அது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் வீசிய கஜா புயலில் அவை அத்தனையும் முறிந்து விழுந்தன. புயல், நாட்டு மரம் அயல் மரம் என்று வேறுபாடு பார்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தென்னையும் பலாவும் மாவும்கூட ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. எனினும் அந்த வெற்றிடத்தைக் கண்டபோது, இம்முறை இலுப்பையையே நடுவோம் என்று மனம் சொல்லியது.

கன்று தேடி நாற்றுப் பண்ணைகள் பலவற்றுக்குச் சென்றேன். வண்ண இலைச் செடிகள், அயல்நாட்டுப் பனைகள், குரோட்டன்சுகள் எல்லாம் வரிசை வரிசையாக இருந்தன. இலுப்பைக் கன்று ஒன்றுகூட இல்லை. ஒரு பண்ணைக்காரர் உண்மையை உடைத்துச் சொன்னார்: "யாரும் கேக்குறதில்ல சாமி, அதனால நாங்க போடுறதில்ல."

அந்த ஒரு வாக்கியத்தில் முழு நோயும் அடங்கியிருக்கிறது. கேட்பாரில்லாததால் வளர்ப்பதில்லை, வளர்க்காததால் கண்ணில் படுவதில்லை, கண்ணில் படாததால் பெயரே மறக்கிறது, பெயர் மறந்ததைக் கேட்பவர் யார்? இச்சுழலை அறுக்க வேண்டுமாயின் இரு கைகளும் ஒருசேர இயங்க வேண்டும். ஒன்று கல்வி, மற்றொன்று நாற்றங்கால்.

செண்பகனூர் காட்டும் வழி

இவ்விரு கைகளையும் இணைத்த முன்னோடிகள் நம் திருச்சபைக்கு வெளியே மட்டும் இல்லை. கோடைக்கானலுக்கு அருகே செண்பகனூரில் இயேசு சபையினரின் திரு இருதயக் கல்லூரி 1895-இல் நிறுவப்பட்டது. அங்குள்ள இயற்கை வரலாற்றுக் காட்சியகத்தையும் ஆர்க்கிடு மலர்ச்செடித் தொகுப்பையும் குருமட நாள்களில் தியானத்திற்குச் சென்றபோது நானும் கண்டிருக்கிறேன். பிரான்சு நாட்டு அருள்தந்தை ஆங்லாத் பழனி மலைச் செடிகளை நூற்றுக்கணக்கில் வண்ண ஓவியங்களாகத் தீட்டி வைத்துச் சென்றார். செபமாலையும் தூரிகையும் அவர் கைகளில் ஒன்றோடொன்று பகைக்கவில்லை.

அந்த மரபில் வந்தவர் அருள்தந்தை கே. எம். மத்தேயு (1930–2004). திருச்சி தூய வளனார் கல்லூரியில் இராப்பினாத் உலர்தாவரகம் 1967-இல் இவரது முயற்சியால் தோன்றியது. அதே கல்லூரியில் தாவரவியல் கற்பித்த அருள்தந்தை இராப்பினாத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார். உலர்தாவரகம் என்பது செடிகளின் ஞானஸ்நானப் பதிவேடு போன்றது. எச்செடி, எவ்வூரில், எந்நாளில், எவரால் சேகரிக்கப்பட்டது என்ற குறிப்புடன் உலர்த்திய செடியையே தாளில் ஒட்டி வைப்பார்கள். தமிழகச் சமவெளியின் தாவரங்களைப் பற்றி இவர் 1981 முதல் 1988 வரை வெளியிட்ட பெருந்தொகுதிகளும், 1999-இல் மூன்று பகுதிகளாக வந்த பழனி மலைத் தாவர நூலும் ஆராய்ச்சியாளருக்குக் கைவிளக்குகள். மாணவர் கையில் எடுத்துக்கொண்டு வெளியில் சென்று செடிகளை இனம் காணும் வகையில் 1991-இல் ஒரு கையடக்க நூலையும் அவர் எழுதினார் என்பது என்னைப் பெரிதும் கவர்ந்த செய்தி. பேரறிஞர் ஒருவர் பிள்ளைகளுக்காகக் குனிந்து எழுதினார் அல்லவா?

இவர் 1969-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, கோடைக்கானலில் குடியேறிய அயல் தாவரங்களைப் பற்றியது. அங்குதான் சிக்கலின் வேர் இருக்கிறது. பழனி மலையின் மேற்பகுதி இயல்பில் இருவகை நிலம். பள்ளங்களில் சோலைக்காடு, மேடுகளில் புல்வெளி. இவை இரண்டும் சேர்ந்தே மழைநீரை உறிஞ்சிப் பிடித்துச் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடுகின்றன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிக்கும் புல்வெளியே தாய்வீடு. வெறும் புல்தானே என்று எண்ணி, தோல் பதனிடும் பட்டைக்காகவும் மரக்கூழுக்காகவும் அயல்நாட்டுச் சீகை, தைலம், பைன் மரங்களை அப்புல்வெளிகளில் நட்டார்கள். சீகை வேலி தாண்டிப் பரவிப் புல்வெளியை விழுங்கியது. மரம் நடுவது எங்கும் எப்போதும் புண்ணியம் என்று கருதுவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும். எங்கே, எந்த மரம் என்ற கேள்வி இல்லாத நற்செயல் தீச்செயலாகவும் முடியும்.

1985-இல் பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் தோன்றியபோது அதில் முன்னின்றவர்களுள் அருள்தந்தை மத்தேயுவும் ஒருவர். ஏட்டில் எழுதிய பெயர்களை நாற்றங்காலில் உயிராக்கும் பணி அதன் பின்னர் வலுப்பெற்றது. வட்டக்கானலில் வேறொரு குழுவினரும் சோலை மரங்களின் விதைகளைத் தேடிச் சேகரித்துக் கன்றுகளாக்கி வந்துள்ளனர். நாவல் இனங்கள், மலைச் செண்பகம், காட்டுப்பூவரசு ஆகியவை மெல்ல வளர்பவை. அவற்றை வளர்ப்பவருக்கு முதலில் வேண்டியது பொறுமையே.

வயநாட்டிலும் இதுபோன்ற ஓர் இடம் உண்டு. செர்மன் நாட்டில் பிறந்த வுல்ஃப்காங் தொயர்கௌஃப் 1981-இல் தொடங்கிய குருகுல தாவரச் சரணாலயம் அது. காடு அழிக்கப்படும் இடங்களிலிருந்து செடிகளை மீட்டு, அவற்றின் தாயகம் போன்ற நிழலும் ஈரமும் அமைத்து அங்கே வளர்க்கிறார்கள். அங்குக் கல்விப் பணியை முன்னெடுத்த சுபிரபா சேஷன் 2006-இல் பிரித்தானியாவின் விட்லி விருதைப் பெற்றார். அச்செடிகளைப் பேணும் தோட்டப் பணியாளருள் பெரும்பாலோர் அக்கம்பக்கத்துப் பெண்கள். பட்டம் பெற்றவர் மட்டுமே செடியைக் காக்க முடியும் என்ற எண்ணத்தை அவர்களின் கைகள் பொய்யாக்குகின்றன.

எங்கள் நாற்றங்கால்

இவற்றை எல்லாம் படித்துவிட்டு, 2019-இல் புதிய பங்குக்கு மாறிய பின், பங்குப் பள்ளியின் கிணற்றடியில் ஒரு சிறு நாற்றங்கால் போட்டோம். விதைக்கு எங்கே போவது? அருகிலிருந்த ஐயனார் கோயில்காட்டில்தான் இலுப்பைகள் நின்றன. நம்மவர் வெட்டிவிட்ட மரத்தை அவர்கள் காத்து வைத்திருந்தார்கள். கூச்சத்தோடு பூசாரியாரிடம் சென்று, "ஐயா, கொஞ்சம் விதை பொறுக்கிக்கொள்ளலாமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "வௌவால் எங்களக் கேட்டா சாமி கொண்டு போகுது? பிள்ளைகளக் கூட்டிட்டு வாங்க. கிளைய மட்டும் ஒடிக்கவேண்டாம்னு சொல்லுங்க" என்றார்.

அவ்வாண்டு ஆடி மாதத்தில் மாணவர்கள் பொறுக்கிய விதைகளைத் துடைத்து உலர்த்தி ஒரு தகரப் பெட்டியில் பத்திரப்படுத்தினேன். ஐப்பசி அடைமழையில் விதைத்தால் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம் என்பது என் கணக்கு. விதைத்தோம். ஒரு மாதம் காத்திருந்தோம். பைகளில் களை முளைத்தது, இலுப்பை முளைக்கவில்லை. நிர்வாகத்தில் தேர்ந்தவன் என்று எண்ணியிருந்த எனக்கு அது நல்ல பாடம்.

மறுமுறை கோயில்காட்டுக்குச் சென்றபோது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி சருகை விலக்கிக் காட்டினாள். மரத்தடியில் விழுந்த விதைகள் அங்கேயே வெடித்து வேர் விட்டிருந்தன. "இதுகளுக்குக் காத்திருக்கத் தெரியாது சாமி" என்றாள். அதுவே உண்மை. இலுப்பை விதையில் எண்ணெய்ச் சத்தும் ஈரமும் மிகுதி. உலர்ந்தால் உயிர் போய்விடும். பொறுக்கிய சில நாள்களுக்குள் மண்ணில் இட வேண்டும். வேம்பும் நாவலும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. சரக்கொன்றையோ நேர்மாறானது. அதன் விதையின் தடித்த தோல் எளிதில் நீரை உள்ளே விடாது. வெந்நீர் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டால் முளைக்கும். உலர்ந்த விதையைப் பல மாதம் சேமித்தும் வைக்கலாம்.

2021-ஆம் ஆண்டு ஆடியில் பழம் பொறுக்கிய மறுநாளே விதைத்தோம். செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் சேர்த்து உயரமான பைகளில் நிரப்பினோம். ஆணிவேர் சுருளாமல் இறங்குவதற்கே உயரமான பை. மூன்று வாரத்தில் பெரும்பாலான பைகளில் முளை தலைகாட்டியது. அன்று பிள்ளைகள் மணியடித்துக் கொண்டாடினார்கள். திருப்பலி மணி தவறான நேரத்தில் ஒலித்ததைக் கேட்டு உபதேசியார் ஓடிவந்தது தனிக்கதை.

நாம் செய்யக்கூடியவை

அன்பார்ந்த வாசகர்களே, இப்பணிக்குப் பெரும் பணம் வேண்டாம். ஒரு பங்கோ பள்ளியோ எளிதில் தொடங்கலாம்.

முதலாவது, பெயர் அறிதல். மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் தம் ஊரின் மரங்களையும் அவற்றின் பயன்களையும் முதியவர்களிடம் கேட்டு ஓர் ஏட்டில் எழுதட்டும். எந்த மாதம் பூக்கிறது, எந்த மாதம் காய்க்கிறது என்ற நாட்குறிப்பு இல்லாமல் விதை சேகரிக்க இயலாது.

இரண்டாவது, விதை அறம். ஒரே மரத்து விதையை மட்டும் எடுத்தால் கன்றுகள் எல்லாம் ஒரே தாய் பிள்ளைகளாகிவிடும். நோய் வந்தால் ஒன்றாகவே மடியக்கூடும். பல மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். பறவைக்கும் வௌவாலுக்கும் உரியதை விட்டுவைக்க வேண்டும். ஒவ்வொரு பையிலும் மரத்தின் பெயர், விதை எடுத்த இடம், நாள் ஆகியவற்றை எழுதிச் செருக வேண்டும்.

மூன்றாவது, இடம் அறிந்து நடுதல். கடலோரத்துக்குப் புன்னை, வறண்ட செம்மண்ணுக்கு வேம்பும் இலுப்பையும், ஏரிக்கரைக்குப் பனையும் நாவலும். பனையை 1978-ஆம் ஆண்டிலேயே மாநில மரமாக அறிவித்தோம். அதற்கு நாற்றங்காலே வேண்டாம். மழைக்கு முன் கொட்டையைக் கரையில் புதைத்தால் போதும்.

நான்காவது, நட்டபின் பேணுதல். திருவிழா நாளில் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் வளர்ந்திருக்கிறது. சித்திரை வெயிலில் குடம் சுமப்பவரையும் ஆட்டுக்கு வேலி கட்டுபவரையும் யாரும் படம் எடுப்பதில்லை. கன்றைக் காப்பவர் அவர்களே.

தோட்டக்காரரின் ஊழியம்

மனிதனைத் தோட்டத்தில் வைத்த இறைவன், அதைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் பணித்தார் என்று தொடக்க நூல் கூறுகிறது. 1979-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அசிசி நகர்ப் புனித பிரான்சிசைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிசு 'லௌதாத்தோ சீ' எனும் சுற்றுமடலின் வாயிலாக நம் பொது இல்லமாகிய பூமியைக் காக்க அழைத்தார். உயிர்த்த ஆண்டவரை மதலேன் மரியா முதலில் தோட்டக்காரர் என்று எண்ணியதாக யோவான் எழுதுகிறார். அது தவறான எண்ணமே ஆயினும், ஆண்டவருக்கு இழுக்குத் தருவதன்று என்றே நான் கருதுகிறேன்.

சென்ற ஆண்டு என் பழைய பங்கிலிருந்து ஓர் இளைஞர் வந்து இரண்டு இலுப்பைக் கன்றுகளைக் கேட்டார். அன்று கோடரியின் முன் வந்து நின்ற மூதாட்டியின் பேரன் அவர். பாட்டி இறைவனடி சேர்ந்துவிட்டார் என்று அவர் சொல்லித்தான் அறிந்தேன். மன்னிப்புக் கேட்க நான் தாமதித்துவிட்டேன். கன்றுகளை மண்டபத்தின் ஓரத்தில் நட்டிருப்பதாகவும், வேலி கட்டிவிட்டதாகவும் பின்னர்ச் செய்தி வந்தது.

இலுப்பை காய்க்கத் தொடங்கப் பத்து ஆண்டுகளேனும் ஆகும். அதன் எண்ணெயில் அக்கோயிலில் ஒரு விளக்கு எரியும் நாளை நான் காண்பேனோ, அறியேன். ஆனால் வருகிற ஆடியில் உங்கள் ஊர் இலுப்பையடியிலும் வேப்பமரத்தடியிலும் விதைகள் விழும். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். விதை காத்திராது.