புறா வளர்க்கிறீர்களா என்று கேட்கும் மருத்துவர்

நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வறட்டு இருமல் மாதக்கணக்கில் விடுவதில்லை. வயசாச்சு என்று கொஞ்ச நாள், ஆஸ்துமா என்று இன்ஹேலரோடு கொஞ்ச நாள், காசநோய் என்று ஆறு மாத மாத்திரை. இத்தனையும் ஆன பிறகே பலர் நுரையீரல் நிபுணரிடம் போகிறார்கள். அவர் நோயாளியின் முதுகுக் கீழ்ப்பகுதியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்வார். இழுப்பின் கடைசியில், செருப்பின் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பதுபோல் ‘சரசர’வென்று ஒரு சத்தம் கேட்கும். ஐ.எல்.டி. எனும் நுரையீரல் நோயைச் சந்தேகிக்க வைக்கும் சத்தம் அது.

காற்றறைகளுக்கும் ரத்த நாளங்களுக்கும் இடையிலுள்ள மெல்லிய திசு தடித்துத் தழும்பேறுவதே ஐ.எல்.டி. (இன்டர்ஸ்டிஷியல் லங் டிசீஸ்). அதன் வழியே ஆக்சிஜன் ரத்தத்தில் சேர்வது சிரமம். இது ஒரே நோயல்ல, இருநூறு வகைக்குக் குறையாது. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அகப்படாதது, நுணுக்கமாகப் படமெடுக்கும் ஹெச்.ஆர்.சி.டி. ஸ்கேனில் அகப்பட்டுவிடும்.

என்னைக் கேட்டால், ஸ்கேனுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல மருத்துவரின் கேள்விகள். வீட்டில் புறா உண்டா? ஏர்கூலரைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்? கல் உடைக்கும் வேலையா? மூட்டு வலிக்கிறதா? இதயத்துக்கு அமியோடரோன் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ஒவ்வொரு கேள்வியும் நோய்க்கு ஒரு காரணத்தைத் தேடுகிறது. இந்தியாவில் 27 மையங்களில் 1,084 நோயாளிகளைப் பதிவுசெய்த ஆய்வு 2017-ல் வெளியானது. அதில் 47.3 சதவீதத்தினருக்கு இருந்தது, மூச்சில் போகும் பூஞ்சையாலும் பறவைத் தூசியாலும் வரும் ஒவ்வாமை வகை. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் ஏர்கூலர் காற்றில் இருந்தவர்கள். காரணமே பிடிபடாத ஐ.பி.எஃப். (இடியோபதிக் பல்மனரி ஃபைப்ரோசிஸ்) வகை 13.7 சதவீதம்தான்.

வகை தெரியாமல் மருந்து கொடுப்பது ஆபத்து. ஐ.பி.எஃப்.புக்கு ஸ்டீராய்டோடு, நோய் எதிர்ப்பை அடக்கும் அசதயோப்ரினையும் சேர்த்துத் தருவது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. அப்படித் தந்தவர்களில் சாவு கூடுகிறது என்று 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிய பிறகு கைவிட்டார்கள். 2014-ல் அங்கே அனுமதி பெற்ற பிர்பெனிடோன், நின்டெடானிப் இரண்டும் தழும்பு பரவும் வேகத்தைக் குறைப்பவை. ஏறிய தழும்பை ஆற்றாது. குமட்டல், வயிற்றுப்போக்கு, கல்லீரல் பரிசோதனை எல்லாம் கூடவே வரும். தேவைப்பட்டால் வீட்டில் ஆக்சிஜன், ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள், மூச்சுப் பயிற்சி, கடைசியில் சிலருக்கு மாற்று நுரையீரல்.

ஒவ்வாமை வகையிலும் ஸ்டீராய்டு உண்டு. ஆனால் காரணத்தை அகற்றாமல் மாத்திரை மட்டும் விழுங்கிப் பயனில்லை. புறாவைத் துரத்திவிட்டால் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம்; அதன் தூசி மாதக்கணக்கில் வீட்டில் தங்கும். பால்கனிக்கு வலை அடிக்க வேண்டும். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டாமல் நனைத்து வழிக்க வேண்டும். அந்த வேலையையும் நோயாளியிடம் விடக் கூடாது.