கடைசி வயலுக்கும் தண்ணீர் போய்ச் சேர வேண்டும்

அரிசி விலையைப் பற்றிப் பேசாத வீடு நம் நாட்டில் இல்லை. ஆனால் அந்த அரிசி விளையும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? இன்றைய கலந்துரையாடலில் நான் எடுத்துக்கொண்ட விஷயம் அதுதான்.

கெடாவை நாட்டின் நெற்களஞ்சியம் என்கிறோம். அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. 1885-இல் கெடா முதலமைச்சராக இருந்த வான் முகமட் சாமான், அலோர்ஸ்டாரிலிருந்து குரூண் பக்கம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டத் தொடங்கினார். சதுப்பு நிலம் வயலாகியது. ஆனாலும் மழையை நம்பிய விவசாயிக்கு ஆண்டுக்கு ஒரு போகம்தான்.

இரண்டாவது போகத்துக்கு வழி செய்தது மூடா நீர்ப்பாசனத் திட்டம். 1965-இல் உலக வங்கி கடன் கொடுத்தது. 1966-இல் வேலை தொடங்கியது. 1970-இல் இரட்டைப் போகம் ஆரம்பமாகியது. இன்று கெடாவிலும் பெர்லிசிலும் ஏறக்குறைய ஒரு லட்சம் ஹெக்டர் வயல் இத்திட்டத்தில் இருக்கிறது. நாட்டில் விளையும் நெல்லில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இங்கிருந்துதான் வருகிறது.

இதன் அமைப்பைக் கொஞ்சம் விளக்குகிறேன். மூடா அணைக்கு மழைநீர் வந்து சேரும் காட்டுப்பகுதி மிகப் பெரியது. ஆனால் நீரைத் தேக்கிவைக்கும் இடம் சிறியது. சுமார் 16 கோடி கன மீட்டர்தான் கொள்ளும். பெடு அணையோ இதற்கு நேர்மாறு. 107 கோடி கன மீட்டர் கொள்ளும், ஆனால் அதற்கு வந்து சேரும் மழை குறைவு. ஒரு வீட்டில் பெரிய கூரையும் சின்ன வாளியும், பக்கத்து வீட்டில் சின்னக் கூரையும் பெரிய தொட்டியும் இருப்பது போல. பொறியாளர்கள் மலையைக் குடைந்து ஆறரை கிலோமீட்டருக்கும் மேல் நீளமான சுரங்கம் அமைத்து இரண்டையும் இணைத்தார்கள். 1980-களின் இறுதியில் அனிங் அணையும் சேர்ந்தது.

இவ்வளவு இருந்தும் ஏன் பிரச்சினை? நிகழ்ச்சிக்காகப் படம் பிடிக்கப் போனபோது ஒரு மலாய் விவசாயியைச் சந்தித்தேன். "பாக் சிக், அணையில் தண்ணீர் இருக்கிறதே, பிறகு என்ன கவலை?" என்று கேட்டேன். சிரித்தார். "அணையில் இருக்கிறது, என் வயலில் இல்லையே! என் வயல் கடைசி வயல்" என்றார்.

அந்த ஒரு பதிலில் விஷயம் விளங்கிவிட்டது. முதலில் கட்டியபோது பெரிய கால்வாய்களும் கிளைக் கால்வாய்களும் மட்டுமே இருந்தன. அதற்கப்பால் நீர் ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு வழிந்துதான் போக வேண்டும். முன்வயல்காரர் நனைத்து முடித்த பிறகுதான் பின்வயல்காரருக்கு முறை. 1979-க்குப் பிறகு வயலோரம் போகும் சிறு வாய்க்கால்கள் கட்டப்பட்டாலும், எல்லாப் பகுதியையும் அவை எட்டிவிடவில்லை.

இப்போது இரண்டு ஆண்டில் ஐந்து போகம் என்ற இலக்கைப் பற்றிப் பேசுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 மாதத்தை ஐந்தால் வகுத்தால் ஒரு போகத்துக்கு ஐந்து மாதம்கூட இல்லை. பயிருக்கே நான்கு மாதம் வரை ஆகும். மிஞ்சும் சில வாரங்களில் அறுவடை, உழவு, நிலத்தை ஊறவைத்தல் எல்லாம் முடிய வேண்டும். கடைசி வயலுக்குத் தண்ணீர் இரண்டு மூன்று வாரம் தாமதமானால் திட்டமே தடம் புரண்டுவிடும். ஆகவே சிறு வாய்க்கால்களும், சரியாக மூடித் திறக்கும் மதகுகளும், தூர் வாரிய கால்வாய்களும்தான் முதல் தேவை. வடிகாலில் ஓடும் நீரைக் கடலுக்கு விடாமல், பம்பு வைத்து மீண்டும் வயலுக்கே ஏற்றும் முறையையும் விரிவாக்க வேண்டும்.

தேக்கிவைக்கும் அளவையும் கூட்டத்தான் வேண்டும். 1978-இல் மழை பொய்த்து அணை வற்றியதால் கோடைப் போகம் முழுவதும் கைவிடப்பட்டது. ஒரு போகம் போனால் ஒரு குடும்பத்தின் பள்ளிச் செலவும் கடன் தவணையும் நின்றுபோகும். அதற்காகத்தான் மூடா ஆற்று நீரை ஜெனியாங்கிலிருந்து வடக்கே திருப்பும் திட்டம் வகுக்கப்பட்டது. ஆனால் அதே ஆற்றின் கீழ்ப்பகுதியை நம்பித்தான் பினாங்கு மக்கள் தண்ணீர் குடிக்கிறார்கள். வயலுக்கா, குழாய்க்கா என்று சண்டையிடாமல் இரண்டு மாநிலமும் உட்கார்ந்து பங்கு பேசியாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. பெரிய கூரை என்று சொன்னேனே, அது உலு மூடா காடு. மரத்தை வெட்டினால் மண் கரைந்து அணைக்குள் வரும். தேக்கும் இடம் குறையும். புது அணை கட்டக் கோடிக்கணக்கில் செலவு செய்துவிட்டு, பழைய அணையில் மண் நிரம்ப விடுவது எந்த ஊர் நியாயம்?

பழைய திட்டத்தைப் புதுப்பிப்பது என்றால் சிமெண்டும் கம்பியும் மட்டுமல்ல, நேயர்களே. மேலே காடு, நடுவே அணை, கீழே வாய்க்கால் என மூன்றும் ஒன்றாக நலமாயிருக்க வேண்டும். அணை திறந்த செய்தி வந்தால் விழா நடந்ததா என்று பார்க்காதீர்கள். கடைசி வயல் எப்போது நனைந்தது என்று கேளுங்கள். அந்த பாக் சிக் அதற்குத்தான் காத்திருக்கிறார்.