குவார்ட்ஸ் மேடையில் சூடான வாணலியை ஏன் வைக்கக்கூடாது?

அடுக்குமாடி கட்டுபவர்கள் சமையல் மேடைக்குக் குவார்ட்ஸைத் தேடுவது ஏன்? எல்லா வீடுகளுக்கும் ஒரே நிறம், ஒரே தடிமன் கிடைக்கும்.

எப்படி? இந்தப் பலகையின் எடையில் சுமார் 90 சதவீதம் குவார்ட்ஸ் துகள். மீதி பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின். இரண்டையும் கலந்து, காற்றை உறிஞ்சி எடுத்து, அதிர்வோடு அழுத்திச் சூடேற்றி இறுகவைக்கிறார்கள். நுண்துளைகள் அடைபடுவதால் எண்ணெயும் புளிக்கரைசலும் எளிதில் உள்ளே இறங்காது.

ஆனால் கல் தாங்கும் சூட்டை ரெசின் தாங்காது. சுமார் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நிறம் மாறும், விரிசலும் விடலாம். நேர் வெயிலில் மஞ்சளிக்கும். பால்கனிக்குக் கிரானைட்டே நல்லது.

குவார்ட்ஸ் பலகையை அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசு நுரையீரலைச் சேதப்படுத்தும். தொழிலாளர்களிடம் சிலிக்கோசிஸ் என்ற அந்த நுரையீரல் நோய் பெருகியதால் 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா இக்கல்லைத் தடை செய்தது. விலை கேட்கும்போதே, அறுப்பவர்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் இயந்திரமும் சுவாசக் கவசமும் உண்டா என்றும் கேளுங்கள்.