ஒரு நெருப்பு, இரண்டு தராசு

தவறு ஒன்றுதான். ஆனால் தண்டனைக்கு ஒரு கோர்ட், இழப்பீட்டுக்கு வேறொரு கோர்ட். இந்த வித்தியாசம் தெரியாமல் பணத்தையும் காலத்தையும் தொலைப்பவர்கள் ஏராளம்.

தெற்கு தில்லியின் கிரீன் பார்க்கில் இருந்த உப்ஹார் தியேட்டரில் 1997 ஜூன் 13 அன்று புதுப்படமான 'பார்டர்' ஓடிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்தில் மின் வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மர் தீப்பிடித்தது. புகை மேலேறி பால்கனியைச் சூழ்ந்தது. வெளியேறும் வழியை மறித்துக் கூடுதல் இருக்கைகள். மூச்சுத் திணறி 59 பேர் செத்துப்போனார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம்.

பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் சங்கம் அமைத்து நீதி கேட்டுப் புறப்பட்டார்கள். அவர்கள் கேட்டவை இரண்டு: குற்றவாளிகளுக்குத் தண்டனை, இழப்புக்கு ஈடு. இரண்டையும் ஒரே கோர்ட்டில் கேட்க முடியவில்லை. இந்தியச் சட்டத்தின் அமைப்பே அப்படி. ஒருவர் செய்த தவறு சமூகத்துக்கே எதிரானது என்றால் அது கிரிமினல். தனி மனிதருக்கு நேர்ந்த நஷ்டம் என்றால் சிவில். ஒரே செயல் இரண்டாகவும் இருக்கலாம் என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

கிரிமினல் வழக்கில் பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் வெறும் சாட்சி. வழக்கை நடத்துவது அரசு. உப்ஹார் வழக்கை சி.பி.ஐ. நடத்தியது. 2007இல் விசாரணை நீதிமன்றம் தியேட்டர் உரிமையாளர்களான சுஷில் அன்சல், கோபால் அன்சல் சகோதரர்களுக்கு விதித்த தண்டனை இரண்டு ஆண்டு. அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்கு அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அதுதான் உச்சவரம்பு. 2008இல் உயர் நீதிமன்றம் அதை ஓராண்டாகக் குறைத்தது. 2015இல் உச்ச நீதிமன்றம், ஆளுக்கு 30 கோடி ரூபாய் அபராதம் கட்டினால் ஏற்கனவே சிறையில் கழித்த காலமே போதும் என்றது. 2017இல் மறுஆய்வு. இருவரில் கோபால் மட்டும் ஓராண்டில் மீதியை அனுபவிக்கச் சிறைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. சுஷிலை வயது காப்பாற்றியது.

அந்த 60 கோடி ரூபாயும் பறிகொடுத்த குடும்பங்களுக்கு அல்ல. விபத்துச் சிகிச்சை மையம் கட்ட தில்லி அரசுக்கு. கிரிமினல் கோர்ட்டின் அபராதம் அடிப்படையில் தண்டனை. அதில் ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டவருக்குத் தரும்படி கோர்ட் உத்தரவிடலாம். ஆனால் அது கட்டாயமில்லை.

இழப்பீட்டுப் போராட்டம் தனிப் பாதையில் நடந்தது. சங்கம் தில்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டது. 2003இல், இறந்தவர் 20 வயதுக்கு மேற்பட்டவர் என்றால் 18 லட்சம், அதற்குக் கீழ் என்றால் 15 லட்சம் என்று தீர்ப்பு. 2011இல் உச்ச நீதிமன்றம் அதை 10 லட்சமாகவும் ஏழரை லட்சமாகவும் குறைத்தது. அதில் 85 சதவீதம் தியேட்டர் தரப்பின் பொறுப்பு, 15 சதவீதம் மின் வாரியத்தின் பொறுப்பு. கவனிக்க வேண்டியது இந்தச் சதவீதக் கணக்கைத்தான். பணப் பொறுப்பைப் பங்கு போடலாம். குற்றத்தை அப்படிப் பிரிக்க முடியாது. ஒருவர் குற்றவாளி, அல்லது இல்லை.

ஆதாரத்தை எடை போடும் தராசும் வேறு. ஒருவரைச் சிறைக்கு அனுப்ப, நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும். சந்தேகத்தின் பலன் எதிரிக்கு. சிவிலில் அந்தச் சலுகை இல்லை. இரு தரப்பில் எது உண்மையாக இருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். கிரிமினல் கோர்ட்டில் விடுதலையான லாரி டிரைவரின் விபத்துக்கு, மோட்டார் வாகன இழப்பீட்டுத் தீர்ப்பாயம் நஷ்டஈடு வழங்குவது இதனால்தான். முரண்பாடு போலத் தெரிந்தாலும் இரண்டும் சட்டப்படி சரி.

சாமானியர் தடுக்கி விழும் இடம் வேறு: கொடுத்த கடன். வாங்கியவர் திருப்பித் தரவில்லை என்றதும் கால்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போகின்றன. சிவில் வழக்குக்கு கோர்ட் கட்டணம் உண்டு, வக்கீல் உண்டு, வாய்தா உண்டு. இன்ஸ்பெக்டர் ஒரு மிரட்டல் மிரட்டினால் பணம் வந்துவிடும் என்ற கணக்கு. ஆனால் கடனைத் திருப்பித் தராதது மட்டும் குற்றமல்ல. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் மோசடி. சிவில் தகராறுக்கு கிரிமினல் சாயம் பூசுவதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் கண்டித்திருக்கிறது. 2025 ஏப்ரலில் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில், இதைச் சட்டத்தின் ஆட்சியே சீர்குலைந்ததாகச் சாடியது.

இந்தக் குறுக்குவழியில் ஒரு பள்ளமும் இருக்கிறது. கடனை வசூலிக்க வழக்குப் போட பொதுவாக மூன்று ஆண்டு கெடு. போலீஸ் புகாருக்காக அலைந்த காலம் அதில் கழிக்கப்படாது. கிரிமினல் வழக்கு தள்ளுபடியாகி சிவில் கோர்ட் படியேறும்போது, கெடு முடிந்திருக்கும். பணமும் போச்சு, வழக்கும் போச்சு.

இரண்டு உலகங்களுக்கும் நடுவே நிற்பது செக். பணமின்றித் திரும்பும் செக் 1989 ஏப்ரல் முதல் குற்றம். வங்கி தகவல் தந்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் புகார். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். பணத்தைக் கொடுத்துச் சமரசமாகவும் போகலாம். உடை கிரிமினல், உயிர் சிவில்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. அலட்சியத்தால் மரணம் விளைவிப்பதற்கு உச்சபட்ச தண்டனை இப்போது ஐந்து ஆண்டு. சிகிச்சையின்போது நேர்ந்தால் டாக்டர்களுக்கு மட்டும் இரண்டு. சிவில் பக்கம் 1908ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டமே பல திருத்தங்களுடன் தொடர்கிறது.

எனவே வக்கீலைப் பார்ப்பதற்கு முன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று: எனக்கு வேண்டியது பணமா, அவருக்குத் தண்டனையா? பணம் என்றால் மூன்று ஆண்டுக் கெடுவுக்குள் சிவில் கோர்ட். தண்டனை என்றால் போலீஸ். இரண்டும் என்றால் இரண்டு வழக்கையும் ஒரே சமயத்தில் நடத்தலாம், சட்டம் தடுக்கவில்லை. ஒன்று முடியட்டும் என்று மற்றதைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. உப்ஹார் பெற்றோர்கள் இரண்டு பாதையிலும் நடந்தார்கள். இழப்பீட்டுக்கு உச்ச நீதிமன்றத்தின் இறுதி வார்த்தை கிடைக்க 14 ஆண்டு, தண்டனைக்கு 20 ஆண்டு ஆனது.