மோலாரிட்டியும் மோலாலிட்டியும்

முதுகுளத்தூருக்குத் தெற்கே கடலோரம் செல்வோர் வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளங்களைக் காண்பர். பாத்திகளிற் பாய்ச்சிய கடல்நீர் வெயிலிற் சுண்டி, போமே மானியில் 3 டிகிரியிலிருந்து ஏறி 25-ஐ எட்டும்போது உப்பு விளைகிறது. இச்செறிவை இரசாயன நூலார் வேறு இரு வகையாற் குறிப்பர். பெயரில் ஓரெழுத்தே வேற்றுமையாதலின் மாணவர் பலர் இரண்டும் ஒன்றென மயங்குகின்றனர்.

ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் உப்பு உளதென்பது மோலாரிட்டி. ஒரு கிலோகிராம் தண்ணீருக்கு எத்தனை மோல் என்பது மோலாலிட்டி. முன்னதற்குக் கரைசல் முழுவதன் கன அளவு வேண்டும். பின்னதற்குத் தண்ணீரின் எடையே வேண்டும்.

25 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில் 1000 கிராம் தண்ணீர் ஏறக்குறைய 360 கிராம் சோடியம் குளோரைடைக் கரைக்கும். ஒரு மோல் 58.5 கிராமாதலால் மோலாலிட்டி 6.15 ஆகிறது. அக்கரைசலோ ஒரு லிட்டரன்று, சுமார் 1.13 லிட்டர். எனவே மோலாரிட்டி 5.4 தான். கடல்நீரில் இரண்டெண்களும் ஏறத்தாழ ஒன்றாயிருத்தலே மயக்கத்திற்குக் காரணம் போலும்!

இவ்வுப்புநீரைச் சற்றே இடம்விட்டுப் புட்டியில் அடைத்து நாம் வெயிலில் வைப்போமாயின், அது விரிந்து மோலாரிட்டி குறையும். உப்பும் குறையவில்லை, தண்ணீரும் கூடவில்லை. ஆகவே மோலாலிட்டி அப்படியே நிற்கும். போமே மானியும் சுடுநீரிற் குறைத்தே காட்டும். விடியலில் எடுத்த அளவையும் உச்சியில் எடுத்ததையும் உஷ்ணம் பாராது ஒப்பிடுவோர்க்கு, சுண்டிய நீரும் சுண்டாததுபோலத் தோன்றக்கூடும்.

கொதிநிலை உயர்வைக் கணக்கிடுவோர் மோலாலிட்டியைக் கொள்வது இதுபற்றியே. பியூரெட்டால் அளந்து விடும் டைட்ரேஷனுக்கோ மோலாரிட்டியே வசதி. அங்கே ஒவ்வொரு முறையும் தராசைத் தேடுவது வீண் வேலை.